ஐவர்மலை: பாண்டவர் வருவதற்கு முன்

ஆந்திராவின் குண்டுபள்ளியில் பாறையைக் குடைந்து செய்த வட்டமான பௌத்தக் கோயில் ஒன்று உண்டு. வயது இரண்டாயிரத்துக்கும் மேல். நடுவே நிற்பது தூபி. ஊர் மக்களுக்கோ அது தர்மலிங்கேஸ்வரர். உருவம் லிங்கத்தை ஒத்திருந்ததே காரணம்.

நம் திண்டுக்கல் சமவெளியில் அப்படித் தூபி எதுவும் இல்லை. ஆனால் காந்திகிராமத்திலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி தாண்டிக் கொழுமம் பக்கம் போனால் ஐவர்மலை வரும். அங்கே கைமாறியது சமணர் பள்ளி.

மலையில் இயற்கையாக அமைந்த நீண்ட குகைத்தளம். அதன் நெற்றியில் 16 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. செய்வித்தவர்களில் ஒருவர் அச்சணந்தி. மதுரை ஆனைமலையிலும் உத்தமபாளையத்திலும் பெயர் பொறித்துப் போன அதே துறவி.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுதான் பெரும் புதையல். குணவீரரின் மாணாக்கர் சாந்திவீரர், திருவயிரை எனப்பட்ட இந்த மலையில் இருந்த பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்தார். தெய்வங்களுக்குப் படையலும் துறவி ஒருவருக்குச் சோறும் தடைப்படாமல் நடக்க 505 காணம் பொன் வைத்தார். காலத்தைக் குறிக்கும்போது அரசனின் ஆட்சியாண்டோடு சக ஆண்டையும் சேர்த்துவிட்டார். சகம் 792, வரகுணனுக்கு எட்டு. அதாவது கி.பி. 870. பாண்டியர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆட்சியாண்டு மட்டுமே இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த ஒரு வரியால்தான் இரண்டாம் வரகுணன் 862 வாக்கில் பட்டமேறினான் என்று கணக்கிட முடிந்தது. ஒரு துறவியின் சோற்றுக் கணக்குக்குப் பாண்டிய வரலாறு கடன்பட்டிருக்கிறது!

சம்பந்தர் மதுரையில் சமணரை வாதில் வென்றதாகச் சொல்லப்படுவது ஏழாம் நூற்றாண்டில். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, சிவபக்தனாகப் பேர்பெற்ற வரகுணன் காலத்தில், இங்கே சமணத் திருமேனிகள் புதுப்பிக்கப்படுகின்றன. ‘வாதில் தோற்றதோடு சமணம் ஒழிந்தது’ என்ற பள்ளிக்கூடச் சித்திரத்தை நான் நம்பாததற்கு இந்த மலையும் ஒரு காரணம்.

துறவிகள் போன பின் மகாபாரதம் மலையேறியது. வனவாசத்தில் ஐவரும் தங்கிய இடம் என்கிறார்கள். குகைத்தளத்தில் திரௌபதியம்மன் குடியேறினாள். ஆடி அமாவாசையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் திரள்கிறது.

பதிற்றுப்பத்து போற்றும் அயிரை மலை இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே சேரர் வணங்கியது கொற்றவையை. அது சரியென்றால், சமணரும் கொற்றவைக்குப் பின் இந்த மலைக்கு வந்தவர்களே.