கரைக்குக் கீழே இருந்த பாதி

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரிதான் பேச்சில் வரும். அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் குறை சொன்னது. ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே உள்ளவை. அங்கே வீடுகளை மூழ்கடித்தது, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் தாண்டி வந்த நீர். செம்பரம்பாக்கத்தின் மேல் போடும் வழக்கு முடிச்சூரில் செல்லாது.

இவை பாசனத்துக்காக எழுந்த ஏரிகள். ஓடைச் சரிவின் குறுக்கே ஒரு மண்கரை, நீர் விட மதகு, மிஞ்சியது வழிய கலங்கல். ஒன்றின் மிகுநீர் அடுத்ததற்கு வரத்து. இவற்றைப் பேண ஆள் வைக்கும் வழக்கமும் பழையது; உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரிவாரியத்துக்குத் தேர்தல் முறையே வகுத்திருக்கிறது.

வெள்ளத்தைத் தாங்கியது கரை மட்டுமே என்று எண்ணுவதுதான் பிழை. நிரம்பிய ஏரி, மேலும் வரும் நீரைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே. 2015 நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிறைந்துவிட்டன. டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. கரை செய்யாத வேலையை முன்பு செய்தவை அதன் கீழிருந்த நஞ்சை வயல்கள். அரை அடி வரப்புள்ள ஒரு ஏக்கரில் இடமிருந்தால் ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். அன்று ஒரு ஏக்கரில் பெய்ததோ ஏறக்குறைய இருபது லட்சம் லிட்டர். மூன்றில் ஒரு பங்கு வயலிலேயே தங்கியிருக்கும்! பயிர் அழுகும்தான், ஊர் நத்தம் மேட்டில் இருந்ததால் வீடு தப்பும். இன்று, ஏரிப் பாசனம் பெற்ற அந்த ஆயக்கட்டு மனைகளாகிவிட்டது. நீர் நின்ற இடத்தில் குடியிருக்கிறோம்.

இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது தூர்வாருதல். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளம் நிலத்தடி நீருக்கு நல்லது. ஆனால் முதல் மழைகளில் நிறைந்து, பெருமழை வரும்போது அதில் இடமே இராது. வெள்ளத்துக்கு வேண்டியது பள்ளமல்ல, மேலே காலியான இடம். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓடைகளில் எழுந்த ஆயிரக்கணக்கான சிறு மண் அணைகள் பலவற்றில், வெள்ளத்துக்கென ஒதுக்கிய மேல்மட்டத்தை ஒரு குழாய் தானாகவே வடித்துவிடும். நம் மதகும் அதைச் செய்யக்கூடியதே. பாய்ச்ச வயலில்லாததால் திறப்பாரில்லை.

இப்படி முன்கூட்டியே நீரைத் திறந்துவிட்ட பின் மழை பொய்த்தால்? 2019 கோடையில் செம்பரம்பாக்கமே வறண்டதைக் கண்டவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. முழு ஏரியையும் வடிக்கச் சொல்லவில்லை. ஐப்பசியில் இரண்டடி இறக்கி, கார்த்திகைப் பாதியில் மதகை மூடினால் போதும். வறண்ட ஆண்டில் அந்த இரண்டடி இழப்பே. கழுத்தளவு நீரில் நிற்பதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய இழப்பு. ஆயக்கட்டோடு, மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டியும் போய்விட்டார். நீர்வளத் துறை அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும், இம்முறை வெள்ளத்துக்காக.