தொலைமருத்துவ வீட்டுக் கண்காணிப்பு

நோயாளி தம் வீட்டிலேயே இருக்க, அவருடைய இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் ஆகியவற்றின் அளவைக் கருவிகளால் எடுத்து, தொலைவிலுள்ள மருத்துவருக்குத் தெரிவித்துச் சிகிச்சையைத் தொடரும் முறை.

இதன் தேவையை ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்திலுள்ள திருப்பனந்தாள், காசி மடத்தாலும் அருணஜடேசுவரர் கோயிலாலும் பெயர்பெற்ற பேரூராட்சி. சுற்றிலும் நெல்வயல். நடவு, களையெடுப்புக் காலங்களில் விடியலிலேயே வயலில் இறங்கும் பெண்ணுக்கு, மருத்துவமனையில் காலை நேரம் வரிசையில் நிற்பதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்காகக் கூலியை விட யாருக்கு மனம் வரும்? மாத்திரை பாதியில் நிற்பதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமில்லை.

இந்தச் சிக்கலுக்கு நேரடியான பதில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கையில் தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சை, வலிதணிப்புப் பராமரிப்பு, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் ஆகியவையும் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

தொலைவழி ஆலோசனைக்கு, நடுவண் அரசின் இ-சஞ்சீவனி சேவை உள்ளது. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவர் தொலைபேசியிலும் காணொளியிலும் பார்த்து மருந்து எழுதித் தருவதை முறைப்படுத்தின. அதற்கு முன்பே தமிழகத்துக்கு இதில் பழக்கம் உண்டு: சூனாம்பேடு கிராமங்களில் ஒரு மருத்துவ வேன், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்துச் செயற்கைக்கோள் வழியே சென்னைக்கு அனுப்பியது.

கருவி தரும் எண்ணை நம்புவதற்கு, எடுத்த விதம் சரியாக இருக்க வேண்டும். களத்திலிருந்து வந்த மூச்சிரைப்போடு இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டினால் அளவு ஏறிக் காட்டும்; காபி குடித்த கையோடு பார்த்தாலும் அப்படியே. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. மருத்துவமனையில் எடுக்கும்போது 140/90 என்பது உயர் இரத்த அழுத்தத்தின் எல்லை. வீட்டில் எடுக்கும்போது 135/85. ஒருநாள் அளவை விட, பல நாள் குறித்து வைத்த நோட்டுத்தான் மருத்துவருக்கு உதவும். நோட்டைப் படித்து, மாத்திரையை மாற்றிச் சொல்ல மறுமுனையில் ஒருவர் இல்லையென்றால் அளந்ததில் பயனில்லை.

மார்வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை இம்முறைக்கு உட்பட்டவை அல்ல. அப்போது கருவியைத் தேடாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.