அந்த ஆல்பத்தில் ஆயா இல்லை

எங்க ஊர் பேரைச் சொன்னா, எதிர்ல இருக்கறவங்க ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுத்தான் மேல பேசுவாங்க. கருவேப்பிலங்குறிச்சி. "ரசத்துக்குப் போடறதாச்சே?"ன்னு கேட்டவங்களும் உண்டு :-) விருத்தாசலத்துக்குப் பக்கம். பீங்கான் பொம்மைக்குப் பேர் போன அதே விருத்தாசலம்தான்.

போன மாசம் பரணை ஒழிச்சப்போ அப்பா அம்மாவோட கல்யாண ஆல்பம் கையில கிடைச்சுது. 1974. கறுப்பு அட்டை, நடுவுல மெழுகுத்தாள், மூலைக்கு மூலை ஒட்டின முக்கோணக் காகிதம். மொத்தம் 22 படம். எல்லாத்தையும் ரெண்டு தடவை புரட்டினேன். ஆயா (அப்பாவோட அம்மா) ஒரு படத்துல கூட இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கல்யாணத்தை நடத்தினதே ஆயாதான். அந்த வருஷத்து மல்லாட்டையை வித்த காசுலதான் பந்தல், பந்தி எல்லாம். விருத்தாசலத்துல இருந்து பஸ்ல வந்த போட்டோக்காரருக்கும் ஆயாவோட சுருக்குப்பையில இருந்துதான் காசு போச்சாம். ஆனா தாத்தா முன்னாடியே தவறிட்டாரு. வெள்ளைப் புடவை கட்டினவங்க மேடை ஏறக் கூடாது. அவ்வளவுதான் காரணம். எனக்கு ஏழு வயசுல ஆயா போயிட்டாங்க. கை ஞாபகம் இருக்கு, குரல் ஞாபகம் இருக்கு. முகம் கலங்கலாத்தான் தெரியுது.

அந்த யோசனையிலதான் கல்யாண போட்டோவோட வரலாற்றைக் கொஞ்சம் துழாவினேன். ஒரே பதிவா எழுதிடறேன், பொறுத்துக்குங்க.

பாரீஸ்ல டாகேரோட முறையை உலகத்துக்கு விளக்கிச் சொன்னது 1839 ஆகஸ்ட்ல. ஆறு மாசம் கழிச்சு, 1840 பிப்ரவரியில, விக்டோரியா ராணிக்குக் கல்யாணம். உலகத்துல பாதியைக் கையில வெச்சிருந்தவங்க கல்யாணத்துக்கே போட்டோ கிடையாது! 1858-ல அவங்க மூத்த பொண்ணுக்குக் கல்யாணம். அன்னிக்குக் காலையில ராணி, அவங்க வீட்டுக்காரர், பொண்ணு மூணு பேரும் கேமரா முன்னாடி நின்னாங்க. அந்தக் காலத்துல சில நொடியாவது ஆடாம அசையாம நிக்கணும். பொண்ணைப் பிரியற படபடப்புல ராணிக்கு உடம்பு நடுங்கி, அவங்க முகம் மட்டும் கலைஞ்சு போச்சு. இதை அவங்களே டைரியில எழுதி வெச்சிருக்காங்க. ராணியா இருந்தாலும் பொண்ணைக் கட்டிக் குடுக்கற அம்மாதானே.

நம்ம பக்கமும் ரொம்பப் பின்தங்கிடலை. மெட்ராஸ்ல போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பிச்சது 1856-ல. 1858-ல லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர்னு போய்க் கோயில்களைப் படம் பிடிச்சார். கோயில் ஆடாம நிக்கும். கல்யாண வீடு நிக்குமா?

1871-ல உலர்தகடு வந்துச்சு. கண்ணாடித் தகட்டை முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுக்கலாம்னு ஆனதும் தொழில் சுலபமாச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஊர் ஊருக்கு ஸ்டூடியோ முளைச்சுது. அப்பவும் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரமாட்டார். கல்யாணம் முடிஞ்சு சில நாள் கழிச்சுப் பொண்ணும் மாப்பிள்ளையும்தான் ஸ்டூடியோவுக்குப் போவாங்க. பின்னாடி மாளிகை வரைஞ்ச திரை, பக்கத்துல பூ ஜாடி. பல படங்கள்ல அவர் நாற்காலியில உட்கார்ந்திருப்பார், அந்தம்மா பக்கத்துல நிப்பாங்க. யார் உட்காரணும், கை எங்க இருக்கணும், எல்லாம் ஸ்டூடியோக்காரர் முடிவு. "முகத்தைத் தூக்கும்மா"ன்னு அவர் சொல்றதைக் கேக்கறதுதான் கல்யாணப் பொண்ணோட வேலை.

அந்த மாதிரிப் படங்கள் எத்தனையோ அழிஞ்சு போச்சு. ஸ்டூடியோவை மூடினா நெகட்டிவ்களும் அதோட போயிடும். மிஞ்சினதைத் தேடிப் பிடிச்சு டிஜிட்டலாக்கற வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செஞ்சிருக்கு, பிரிட்டிஷ் நூலகத்தோட அழிநிலை ஆவணத் திட்டத்துல. நம்ம தாத்தா பாட்டி காலத்து முகங்களுக்கு இப்படி ஒரு நல்ல காரியம் நடந்திருக்கறது பெரிய ஆறுதல்.

அடுத்து ரெட்டை லென்ஸ் கேமரா. ரோலிஃப்ளெக்ஸ் 1929-ல வந்துச்சு, யாஷிகா பின்னாடி வந்துச்சு. போட்டோக்காரர் சாமி கும்பிடற மாதிரி குனிஞ்சு, மேல இருக்கற கண்ணாடியில பார்த்து எடுப்பாரே, அதேதான். இதுக்கப்புறம் போட்டோக்காரர் பந்தலுக்கே வர ஆரம்பிச்சார். பிலிமுக்கும் நம்ம ஊரிலேயே ஒரு வழி பிறந்துச்சு. 1960-ல ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கி, 1967-ல உற்பத்தி ஆரம்பிச்சுது. 'இந்து' பிலிம், 'இந்து' பேப்பர்னா அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த ஆலை இப்ப இல்லை.

இங்கதான் விஷயம் இருக்கு. ஒரு ரோல்ல 12 படம். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ரெண்டு ரோல், ஆகமொத்தம் 24. ரெண்டு படம் பழுது, மிச்சம் 22. இந்த 24-ல யார் வரணும்னு முடிவு பண்றது யாரு? பொண்ணு மாப்பிள்ளை இல்லை. போட்டோக்காரரும் இல்லை. பக்கத்துல நின்னு "இவரை எடு, அவரை எடு"ன்னு விரல் நீட்டற பெரியவர்தான். தாலி கட்டறது, சம்பந்திங்க, தாய்மாமன், ஊர்த் தலைவர்... எண்ணிப் பாருங்க, 24 தீர்ந்துடும். இதுல சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆயா எங்க வரப் போறாங்க?

1967-ல அண்ணா ஆட்சியில சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தாச்சு. புரோகிதர் வேண்டாம், சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் பார்க்க மாலை மாத்திக்கிட்டாலே செல்லும்னு ஆச்சு. ஆனா ஏழு வருஷம் கழிச்சும் எங்க வீட்டுல வெள்ளைப் புடவை மேடை ஏறலை. சட்டம் வர்ற வேகத்துல வழக்கம் மாறறதில்லை.

சரி, பிலிம் பஞ்சம்தான் காரணம்னு சொல்லித் தப்பிச்சுடலாமா? முடியாது. என் கதையைக் கேளுங்க.

என் கல்யாணம் 2003-ல. கலர் ரோல், ஒவ்வொண்ணும் 36 படம். அதுபோக வீடியோ. அந்த வீடியோ லைட் சூட்டுல வியர்த்து ஊத்தினது இன்னும் மறக்கலை. கேசட்ல நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆப்பிளுக்குள்ள சுத்துவோம், அதை வேற பசங்க போட்டுப் பார்த்துச் சிரிக்கறாங்க :-( ஆல்பத்துல 300 படத்துக்கு மேல. என்னைத் தூக்கி வளர்த்த அத்தை, அவங்களும் புருஷனை இழந்தவங்க, ஒரே ஒரு படத்துல இருக்காங்க. லைட் பிடிக்கற பையனுக்குப் பின்னாடி பாதி முகம்.

போட்டோக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முன்ன பின்ன தெரியாத ஆயிரம் பேர் நடுவுல, யார் என்னைத் தூக்கி வளர்த்தாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலை. அவர்கிட்ட நான் பேசின மொத்தப் பேச்சே "எவ்வளவு ஆகும்?", "எப்ப ஆல்பம் வரும்?" ரெண்டுதான். 24 படம் 300 ஆச்சு. மேடையில இருக்கறவங்களையே திரும்பத் திரும்ப எடுத்தோம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

2022-ல அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். இப்ப டிஜிட்டல், எத்தனை ஆயிரம் வேணாலும் எடுக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு பத்து நாள் முன்னாடியே மாப்பிள்ளையோட போய் போட்டோக்காரரைப் பார்த்துட்டு வந்துச்சு. ஒரு தாள்ல ரெண்டு பக்கத்துலயும் கட்டாயம் வேணுங்கறவங்க பேர், மொத்தம் முப்பது. அடையாளம் காட்ட ஒரு சித்தி பையன், அன்னிக்கு முழுக்க அவனுக்கு அது மட்டும்தான் வேலை. முகூர்த்த நேரம், நலங்கு நேரம் எழுதிக் குடுத்தாச்சு. தாலி கட்டறப்போ யாரும் மறைச்சு நிக்கக் கூடாதுன்னு வீடியோக்காரர்கிட்டயும் பேசியாச்சு. எடுத்த படம் எல்லாத்தையும் ரெண்டு ஹார்டு டிஸ்க்ல தரணும், பிரிண்ட்டும் வேணும்னு முதல்லயே ஒப்பந்தம். போட்டோக்காரங்களுக்கு எந்தப் பந்தியில சாப்பாடுங்கறது உட்பட!

லிஸ்ட்ல முதல் பேர் என் அம்மா. அப்பா போய் ஏழு வருஷம். கல்யாணத்தன்னிக்கு அம்மா கடைசி வரிசையில, தூண் ஓரமா உட்கார்ந்துட்டாங்க. சித்தி பையன் போய்க் கூப்பிட்டான். "நான் வரலைடா, சின்னஞ்சிறுசுங்க நல்லா இருக்கட்டும்"னு கையெடுத்துட்டாங்க. போட்டோக்காரர் மேடையைப் பார்த்தார். அவருக்குத்தான் முன்னாடியே சொல்லியிருந்துச்சே. கல்யாணப் பொண்ணு மாலையோட இறங்கி வந்து, "ஆயா, நகந்து உக்காரு"ன்னு பக்கத்துல உட்கார்ந்துடுச்சு. மாப்பிள்ளை கீழே தரையில. அந்தப் படத்துல அம்மா அழுதுட்டே சிரிக்கறாங்க. முகம் கொஞ்சம் ஆடித்தான் போயிருக்கு, விக்டோரியா ராணி மாதிரியே.

எங்க மாமா ஒருத்தர் பீங்கான் தொழிற்பேட்டையில வேலை பார்த்தவர். "பச்சை மண்ணா இருக்கறப்போ மூக்கைக் கூட மாத்தலாம்டா, சூளைக்குப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது"ம்பார். கல்யாண போட்டோவும் அப்படித்தான். பேச வேண்டியது முகூர்த்தத்துக்கு முன்னாடி.

வீட்ல கல்யாணம் வெச்சிருக்கறவங்க இன்னிக்கே ஒரு தாளும் பேனாவும் எடுத்துட்டு உட்காருங்க. மேடையில நிக்கறவங்க பேரை எழுத வேண்டாம், அவங்க எப்படியும் படத்துல வந்துடுவாங்க. தூண் ஓரமா யார் உட்காருவாங்கன்னு யோசிச்சு, அவங்க பேரை முதல்ல எழுதுங்க.