ஜூஜூவாடி வரிசையும் எங்கள் டீக்கடையும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "எல்லாரும் ஹாஸ்டல் ஞாபகமே எழுதறாங்க, நீ நம்ம ஊர்ச் சரித்திரம் ஏதாவது எழுதுப்பா" என்றார். எனக்குத் தெரிந்த சரித்திரம் புகைதான்.

1980-களில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு என்னோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும், மத்தியானத்துக்குள் சட்டைக் காலர் கறுத்துப்போகும். 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவோம். அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். நீலப் புகை அதுதான்.

ஆனால் பெரிய புகை எல்லையில் இருந்தது. இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் விற்பனை வரிச் சீட்டுக்காக லாரிகள் வரிசைகட்டி நிற்கும். எஞ்சினை அணைக்க மாட்டார்கள். "ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆவாதுண்ணா!" என்பார்கள். பத்தடி நகரும், நிற்கும். நின்ற லாரி கிளம்பும்போதுதான் கரும்புகை அதிகம். மார்கழிக் காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் நிற்பதால் புகை எழும்பாது. போதாக்குறைக்கு, 1990-களின் தொடக்கத்தில் டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம்.

எங்கள் அப்பாவின் டீக்கடை அந்த நெடுஞ்சாலையோரம்தான். என் கல்லூரிச் சம்பளம் அந்த லாரிக்காரர்கள் குடித்த டீ. அப்பா பீடி தொட்டதே இல்லை. ஆனாலும் கடைசிப் பத்து வருஷம் இருமிக்கொண்டே இருந்தார். காரணம் புகைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடி போனது. வரிசை குறைந்தது, தம்பி கடையை மூடினான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 டீசல் வந்தது. பழைய 1 சதவீதக் கந்தகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இதில். பெரிய மாற்றம், மறுக்க முடியாது. ஆனா வண்டி பெருகிப்போச்சே! டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் தூசிக்கு எந்த டீசலும் மருந்தில்லை.

சங்கமத்துக்கு பெங்களூரிலிருந்து காரில் வருபவர்கள் அத்திப்பள்ளி தாண்டியதும் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். காலை 8 மணிக்கு முன்னால் வந்தால் நல்லது.