டிவிக்குப் போனா மார்க்கெட் போச்சா?

சினிமாக்காரர் யாராவது டிவி பக்கம் போனா நம்ம ஆளுங்க உடனே சொல்றது ஒண்ணுதான்: "பாவம், மார்க்கெட் போச்சு." ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் பற்றி முதலில் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போ வாபஸ் வாங்கிக்கிறேன்.

மனுஷர் 1890-ல் பொஹிமியாவில் பிறந்து பெர்லினில் தொழில் கற்றவர். 1924-ல் முர்னாவ் இயக்கிய 'தி லாஸ்ட் லாஃப்' மௌனப்படத்தில், காமிராவை உடம்போடு கட்டிக்கொண்டு தள்ளாடி நடந்தார். குடிகாரன் கண்ணுக்கு உலகம் எப்படி ஆடுமோ, திரையில் அப்படியே ஆடியது! 1927-ல் வந்த 'மெட்ரோபோலிஸ்' ஒளிப்பதிவிலும் இவர் கை உண்டு. 1929-ல் அமெரிக்கா போனார். 1931-ல் 'டிராகுலா'. அந்தக் கோட்டையின் இருட்டு இவருடையதுதான். அடுத்த வருஷம் 'தி மம்மி'யை இயக்கினார். 1937-ல் வந்த 'தி குட் எர்த்' ஆஸ்காரும் வாங்கித் தந்தது.

இப்பேர்ப்பட்டவர் 1951-ல் 'ஐ லவ் லூசி' என்ற டிவி காமெடிக்குப் போனார். லூசில் பால் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாராம்.

அப்போ டிவி நாடகம்னா பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. தூரத்து ஊர்களுக்கு, டிவி திரையையே படம் பிடித்து அனுப்புவார்கள். மங்கலா இருக்கும். நியூயார்க்குக்குக் குடிபோக லூசிக்கும் கணவர் டெசி ஆர்னாஸுக்கும் விருப்பமில்லை. அதனால் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே, சுமார் 300 ரசிகர்கள் முன்னால், மூணு காமிராவில் ஒரே நேரத்தில் 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பதாக முடிவாச்சு.

சிக்கல் இங்கேதான். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட்டை மாற்றி வைக்கலாம். இங்கே ரசிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நிறுத்த முடியாது. தரையில் லைட் வைத்தால் காமிரா நகர இடமில்லை. ஃப்ராய்ண்ட் லைட்டுகளை மேலே தொங்கவிட்டார். செட் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். முகத்தில் விழும் நிழலைப் போக்க காமிராவிலேயே சின்ன விளக்கு. டிவியில் கறுப்பு வெள்ளை வித்தியாசம் தூக்கலாகத் தெரியும் என்பதால் செட்டுக்குச் சாம்பல் நிற வகைகளில் பெயிண்ட்.

நிழலாலேயே பேர் வாங்கியவர் நிழலைத் துடைக்கிறாரே, இது தோல்வி இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. யோசித்தால் வேற மாதிரி இருக்கு. லூசி செட்டில் எங்கே ஓடினாலும், விழுந்தாலும், அந்தச் சிரிப்பு தப்பாமல் ஃபிலிமில் விழுந்தது. ஃபிலிமில் இருந்ததால்தான் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப முடிந்தது. பின்னால் வந்த எத்தனையோ காமெடித் தொடர்கள் நடந்தது இந்தப் பாதையில்தான்.

1969-ல் ஃப்ராய்ண்ட் இறந்தார்.

'தி லாஸ்ட் லாஃப்' கதை தெரியுமா? பெரிய ஓட்டலின் வாசல் காவலருக்கு வயதாகிவிட்டது என்று பளபள யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, கழிப்பறை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

ஃப்ராய்ண்ட் விஷயத்தில் அந்த அக்கம்பக்கத்தாரில் நானும் ஒருத்தனா இருந்திருக்கேன், அவ்வளவுதான்.