வில் யாருக்கு? மூன்று சக்கர வண்டியின் பின்புறம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழில் 'வில்வண்டி' என்றொரு சொல் உண்டு. இன்றைய தலைமுறை அதைப் பழைய நாவல்களில்தான் சந்திக்கிறது. அந்த வில் போர்க்கருவியன்று. வண்டியின் அச்சுக்கும் இருக்கைக்கும் நடுவே வளைத்து அடுக்கப்பட்ட இரும்புப் பட்டைகளே நம் ஊரார் கண்ணுக்கு வில்லாகத் தெரிந்தன. 'ஸ்பிரிங்' என்ற ஆங்கிலச் சொல் பரவலாவதற்கு முன்பே அந்தப் பொருளுக்குத் தமிழ் தன் பெயரைச் சூட்டிவிட்டது.

பாரம் ஏற்றும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி எல்லாம் உண்டு. ஆனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த அடி அச்சின் வழியே நேராக மேலே வந்து சேரும். நெல்லுக்கும் வைக்கோலுக்கும் அதனால் கேடில்லை. மனிதனுக்குத்தான் முதுகெலும்பு இருக்கிறது. 1804-ல் இங்கிலாந்தின் வண்டித் தச்சர் ஒபதயா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் அது நிலைபெற்றது. நம் நாட்டில் அந்த வில் மாட்டு வண்டியில் ஏறியபோது, ஏறி அமர்ந்தவர்கள் மிராசுதார்களும் பண்ணையார்களும். வில்லற்ற வண்டி உழைப்புக்கு, வில்லுள்ள வண்டி அந்தஸ்துக்கு என்ற பிரிவினை அப்போதே வந்துவிட்டது.

இந்தப் பிரிவினை வெறும் வசதி பற்றியதன்று என்பதற்கு அண்டை நிலத்தின் வரலாறு சான்று. 1893-ல் திருவிதாங்கூரில் புலையர் சமூகத்தைச் சேர்ந்த அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். அந்தப் பயணமே வில்வண்டி என்ற பெயரால் இன்றும் அறியப்படுகிறது. சாலை யாருக்கு என்ற கேள்வியோடு வில் யாருக்கு என்ற கேள்வியும் அன்று சேர்ந்தே எழுந்தது.

இந்த இரண்டாவது கேள்வியின் பிற்கால வரலாற்றைப் பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் ஓடும் மூன்று சக்கர வண்டியின் பின்புறத்தில் தேடிப் பார்ப்பதே நம் நோக்கம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இத்தாலியில், விமானப் பொறியாளரான கொராடினோ தஸ்கானியோ பியாஜியோ நிறுவனத்துக்காக 1946-ல் வெஸ்பாவை உருவாக்கினார். 1948-ல் அதே ஸ்கூட்டரின் பின்பகுதியில் இரு சக்கரங்களும் பாரம் வைக்கும் இடமும் சேர்ந்து 'ஆப்பே' பிறந்தது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. முன்பாதி ஸ்கூட்டர், பின்பாதி வண்டி என்ற இந்த இணைப்பில்தான் மூன்று சக்கர வண்டியின் எல்லா நன்மையும் எல்லாத் தொல்லையும் அடங்கியிருக்கின்றன. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1959-ல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளைச் செய்ய அரசின் உரிமம் பெற்று, பியாஜியோவின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. 1977-ல் எஞ்சினைப் பின்னால் வைத்த ஆட்டோவை அது அறிமுகப்படுத்தியது. பயணிகள் பின்னால், எஞ்சினும் பின்னால். ஆட்டோவின் பாரம் பெரும்பாலும் பின்னிரு சக்கரங்களின் மேல் வந்து அமர்ந்தது.

அந்தப் பின்புறம் எவ்வாறு அமைந்திருக்கிறது? ஒவ்வொரு பின்சக்கரமும் ஓர் இரும்புக் கையின் முனையில் இருக்கிறது. அக்கையின் மறுமுனை வண்டியின் சட்டத்தில் ரப்பர் புஷ் வழியே கீல் போலப் பொருந்தியிருக்கிறது. கைக்கும் சட்டத்துக்கும் இடையே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் நிற்கின்றன. பாரத்தைத் தாங்குவது சுருள்வில்லின் வேலை. வில் ஒருமுறை அமுங்கினால் பலமுறை துள்ளும் இயல்புடையது. அந்தத் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டும் வேறு வேறு. ஆனால் பேச்சுவழக்கில் இரண்டுக்கும் சேர்த்து 'ஷாக்' என்று பெயர் நின்றுவிட்டது. ஒரே பெயர் இருப்பதால் வில் தளர்ந்தவர் ஷாக் அப்சார்பரை மாற்றிப் பணம் இழப்பதும், ஷாக் அப்சார்பர் பழுதானவர் வில்லை மாற்றி ஏமாறுவதும் நடக்கின்றன. சொல்லின் மயக்கம் பட்டறையில் ரூபாயாகக் கணக்காகிறது.

நான்கு சக்கர வண்டி வளைவில் சாயும்போது முன்னிரு வில்களும் பின்னிரு வில்களும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. மூன்று சக்கர வண்டியின் ஒற்றை முன்சக்கரத்தால் பக்கச் சாய்வைத் தடுக்க இயலாது. அந்தப் பொறுப்பு முழுவதும் பின்னிரு வில்களுடையது. ஆகவே பின்வில் ஒன்று தளர்வது இடுப்புவலியோடு முடிகிற செய்தியன்று, வளைவில் கவிழ்வதற்கான முன்னறிவிப்பு. ஓட்டுநருக்கு இருபுறமும் ஆட்களை அமர்த்தினால் ஆபத்து மேலும் கூடும். மூன்று சக்கரங்கள் தரையில் வரையும் முக்கோணம் குறுகும் இடம் அதுதான்.

இனி நிலத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் இணைந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. விழுப்புரம் திருச்சி கார்டு லைன் 1929-ல் திறக்கப்பட்டபோது ரயில் அரியலூர் வழியே சென்றது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரம்பலூருக்கு எல்லாமே சாலைதான்.

அந்தச் சாலைக்கு அடியில் இரண்டு விஷயங்கள் கிடக்கின்றன. ஒன்று கரிசல். மழையில் ஊதி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. அதன் மேல் போட்ட சாலை ஆண்டுதோறும் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழும், தார் விரியும். மற்றொன்று சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற இந்தக் கல்லை நாடிச் சிமெண்ட் ஆலைகள் வந்தன. தமிழக அரசின் ஆலை 1979-ல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் சூழ்ந்தன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே லாரிகள் ஓடின.

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. அச்சின் மேல் விழும் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய 16 மடங்கு என்ற விதி அதிலிருந்து பெறப்பட்டது. இதன் மறுபக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். ஆட்டோ சாலையைச் சேதப்படுத்துவது அநேகமாக இல்லை எனலாம். லாரி உண்டாக்கிய பள்ளத்துக்கான அபராதத்தைச் செலுத்துவது மட்டும் ஆட்டோவின் பின்வில்லும் அதன் மேல் அமர்ந்தவரின் முதுகும்.

ஆட்டோவின் எடை சுமார் 350 கிலோ என்று கொள்வோம். ஓட்டுநர் நீங்கலாக மூன்று பயணிகளுக்கு அதற்கு அனுமதி. ஆளுக்கு 60 கிலோ என்றால் 180 கிலோ. பேருந்து வராத கிராமத்திலிருந்து எட்டுப் பேர் ஏறினால் 480 கிலோ, அதாவது வண்டியின் சொந்த எடையைக் காட்டிலும் மிகுதி. அளவை மீறிய சுமைக்கு வள்ளுவர் தேர்ந்த உவமை அச்சு முறியும் வண்டிதான். வில்லின் விஷயத்தில் முறிவுக்கு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது. நின்ற நிலையிலேயே வில் முழுவதும் அமுங்கியிருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அமுங்க மீதம் இருப்பதில்லை. ரப்பர் தடுப்பின் மேல் இரும்பு மோதும். அந்தக் கணத்தில் வில்வண்டி கட்டை வண்டியாகிவிடுகிறது.

பழுதை அறியும் முறையைத் தேர்ந்த மெக்கானிக்குகள் கையாளும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அதை எழுதிவைப்பதும் வரலாற்றுப் பணியே.

முதலில் டயர்க் காற்றைச் சமன் செய்து, சமதரையில் ஆளில்லாமல் வண்டியை நிறுத்திப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்திருந்தால் இரு வில்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும். தாழ்வும் இடம் மாறினால் குற்றம் வில்லினுடையது. தாழ்வு பழைய பக்கத்திலேயே நின்றால் கை வளைந்திருக்கிறது, அல்லது சட்டத்தில் அது பொருந்தும் இடம் விரிசல் கண்டிருக்கிறது. ஒரே ஒரு மாற்றத்தால் இரண்டு ஐயங்களைப் பிரிக்கும் இந்த முறை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததன்று.

இரண்டாவது, பின்மூலையை அழுத்தி விடுவது. எழுந்து ஒருமுறையில் அடங்கினால் ஷாக் அப்சார்பர் நலம். மூன்று நான்கு முறை துள்ளினால், அல்லது தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால், அதன் ஆயுள் முடிந்தது. டயரில் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேய்மானம் இருப்பதும் இதையே சொல்லும்.

மூன்றாவது, சட்டத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டுவது. சக்கரம் மட்டும் ஆடிக் கை அசையாதிருந்தால் பேரிங். சக்கரத்தோடு கையும் கீலில் ஆடினால் புஷ். டயரின் ஓரம் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் தேய்ந்த புஷ்ஷையோ வளைந்த கையையோ ஐயுற வேண்டும்.

நான்காவது, செவி. சிறு மேடுகளில் 'டக்' என்ற ஓசை புஷ்ஷிலிருந்தோ தளர்ந்த போல்ட்டிலிருந்தோ வருவது. பெரும்பள்ளத்தில் மட்டும் 'தொம்' என்று வந்தால் வில் அடிமட்டம் தொட்டுவிட்டது.

பரிகாரத்திலும் நுட்பம் இருக்கிறது. வில்லை ஒற்றையாக மாற்றலாகாது, இணையாகத்தான் மாற்ற வேண்டும். புதிதும் பழையதும் அருகருகே நின்றால் வண்டி சாயும். ரப்பர் புஷ் மாற்றுகையில் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் கழித்து விரைவில் கிழியும். வண்டியைத் தரையில் நிறுத்தி, பாரம் விழுந்த நிலையிலேயே இறுதி இறுக்கம் தரவேண்டும். விரிசலுக்கு மேலோட்டமாக வெல்டிங் வைப்பதும் போதாது. உள்ளே தகடு கொடுக்காவிட்டால் பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே மீண்டும் விரியும்.

வலுவான வில்லைப் போட்டுவிட்டால் எட்டுப் பேரை ஏற்றலாம் என்ற நம்பிக்கையே இவற்றுள் ஆபத்தானது. வில் விட்டுக்கொடுக்க மறுத்த அடி மறைந்துவிடுவதில்லை. கையின் கீலுக்கும் பேரிங்குக்கும் சட்டத்துக்கும் அது இடம்பெயர்கிறது. வில்லின் பழுது கண்ணுக்குத் தெரியும், சட்டத்தின் விரிசல் ஒடியும் நாளில்தான் தெரியும்.

இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழும் இடம் மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டர். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டியை 'இன்வாலிட் கேரியேஜ்' என்று அழைத்தது. 2019-ன் திருத்தம் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற கருத்தைக் கொண்டுவந்தது. கால் இயக்கம் பாதிக்கப்பட்டோர்க்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசும் வழங்கிவருகிறது. அதில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் நடுவில் சுழல, இருபுறமும் துணைச்சக்கரங்கள் ஓடுகின்றன. வண்டியைத் தள்ளும் விசை நடுச்சக்கரத்தில் மட்டுமே. துணைச்சக்கரங்கள் மிகுதியாகப் பாரத்தை எடுத்துக்கொண்டால் நடுச்சக்கரம் பிடிப்பிழந்து பள்ளத்தில் வெறுமனே சுழலும். அவை மிகத் தளர்ந்தால் வண்டி சாயும். இரண்டுக்கும் நடுவே வில்லைச் சரிசெய்வது சில விரற்கடை அளவு வேலைதான். ஆனால் ஆட்டோ பள்ளத்தில் சிக்கினால் இறங்கித் தள்ள ஆளிருக்கும். இங்கே ஓட்டுபவரால் இறங்கித் தள்ள இயலாது. அவருக்குச் சீரான பின்சக்கரம் என்பது வீட்டைவிட்டுத் தனியே புறப்படும் உரிமை.

வில்வண்டியில் அன்று ஏறியவர் ஊரில் சிலர். மூன்று சக்கர வண்டி அந்த வில்லைக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், வெங்காய மூட்டையோடு சந்தைக்கு வரும் விவசாயிக்கும், நடக்க இயலாதவருக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஆரவாரமின்றி நடந்த பெரிய மாற்றம் இது. ஆனால் மூவருக்கான வில்லை எட்டுப் பேர் பகிரும்போது, எட்டுப் பேரும் கட்டை வண்டிக்கே திரும்புகிறார்கள். அமுங்கிய வில்லைப் பட்டறையில் மாற்றிவிடலாம். அது மறுபடியும் அமுங்காதிருக்க வேண்டுமானால், காலையிலும் மாலையிலும் அந்தக் கிராமத்துக்கு ஒரு பேருந்து நேரத்துக்கு வரவேண்டும். அது பட்டறையில் கிடைக்கும் உதிரிப்பாகமன்று.