ஓர்மைக்காக ஓடலாமா? நாகர்கோவில் டு கன்னியாகுமரி... டிமென்ஷியா ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரு வழி!

சாப்பிட்டு கை கழுவி பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "எனக்கு இன்னும் சோறு போடலியா மக்ளே?" என்று ஆச்சி கேட்பார். நாஞ்சில் நாட்டில் நினைவுக்கு 'ஓர்மை' என்று பெயர். "வயசாயிட்டு, ஓர்மை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் போனால், அது டிமென்ஷியாவாக இருக்கலாம்.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அதாவது, சுமார் 88 லட்சம் பேர். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. புதிதாக வந்திருக்கும் ஊசி மருந்துகளும் ஆரம்பநிலை அல்சைமரின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தேவை.

பணத்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? 1980-ல் புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கி.மீ ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். அவர் பெயரிலான ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. டிமென்ஷியாவுக்கு 2019 லண்டன் மாரத்தானைச் சொல்லலாம். அல்சைமரால் பாதிக்கப்பட்ட நடிகை பார்பரா விண்ட்ஸரின் கணவர் ஸ்காட் மிட்செல், மனைவியோடு நடித்த சீரியல் நட்சத்திரங்களையும் கூட்டிக்கொண்டு ஓடினார். திரட்டிய நிதி பிரிட்டனின் டிமென்ஷியா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது.

அதே வாரத்தில்தான், ஏப்ரல் 25 அன்று, சூஃபியா கான் ஸ்ரீநகரிலிருந்து நம்ம கன்னியாகுமரியை நோக்கி ஓடத் தொடங்கினார். 87 நாள்கள், சுமார் 4,000 கி.மீ. அவர் ஓடியது மனிதநேயத்துக்கும் ஒற்றுமைக்கும். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கெல்லாம் முடிவுக்கோடு நம்ம ஊர்தான். இங்கிருந்தே ஒரு ஓட்டத்தைத் தொடங்கினால் என்ன?

வடசேரியிலிருந்து சுசீந்திரம், பொற்றையடி, கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி சுமார் 20 கி.மீ. கூட ஒரு கி.மீ சுற்றினால் அரை மாரத்தான்! மெடல், டி-ஷர்ட் எதுவும் வேண்டாம். வசூலாகும் பணத்தைப் பாதி தின்பதே அவைதான். ஒரு கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று 40 பேர் ஒப்புக்கொண்டால், 21 கி.மீ முடிக்கும்போது 42,000 ரூபாய். உங்கள் ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். நேரடியாக அமைப்பின் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், சந்தேகமே வராது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் 80ஜி ரசீது கேட்டு வாங்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது.

யாருக்குக் கொடுப்பது? இதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில் கிராமத்து மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ அமைப்பு பராமரிப்பு, விழிப்புணர்வுப் பக்கம் அதிகம் வேலை செய்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால், ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வசூலித்தால் அதற்கே போக வேண்டும். 'இந்தத் தொகை எந்தப் பணிக்கு?' என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் செய்த ஆய்வுதான் வேண்டுமா என்றால், ஆமாம். 1998-ல் கொச்சியில் ஒரு ஆய்வுக்குழு உருவானது. பெயர் '10/66'. உலக டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் பெயருக்குக் காரணம். சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் எழுதச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் நினைவாற்றலைச் சோதித்தால் முடிவு தப்பாகத்தானே வரும்? படிப்பறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனை முறையை உருவாக்கியது அந்தக் குழுவின் முக்கியமான வேலை.

இனி ஓட்டம். புதியவர் என்றால் குறைந்தது மூன்று மாதப் பயிற்சி வேண்டும். அண்ணா ஸ்டேடியத்தில் நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கி.மீ மட்டும் கூட்டுங்கள். சுகர், பிரஷர், நெஞ்சுவலி இருந்தால் முதலில் டாக்டர். நம்ம ஊர் வெயிலைவிட புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும், அதனால் அதிகாலை 4.30-க்கே கிளம்பிவிடுங்கள். வழியில் மட்டிப் பழமும் உப்பு போட்ட மோரும் போதும். அக்கானி ஓடி முடித்த பிறகு! தேசிய நெடுஞ்சாலை என்பதால் போலீஸ் அனுமதி கட்டாயம். ஒளிரும் ஜாக்கெட்டும் பின்னால் ஒரு பைக்கும் வேண்டும்.

ஓடுபவருக்கும் லாபம் உண்டு. டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. உடலுழைப்பு இல்லாமை அதில் ஒன்று. காது கேளாமையும் உண்டு. ஆச்சிக்குக் காது மந்தமாக இருந்தால் அதையும் உடனே காட்டுங்கள்.

உலக அல்சைமர் தினம் செப்டம்பர் 21. அன்று ஓட வேண்டுமென்றால் ஜூன் மாதமே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது அறிகுறி தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567.